கொள்ளைக்காரி வந்த பின்னேரம்

எனக்குக் கொப்புளிப்பான் வந்த வருடம்தான் எங்கள் வீட்டில் கடற்கொள்ளை தொடங்கியது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. போர் முடிந்து, வடக்கே போகும் பாதைகள் திறந்துவிட்டிருந்தன. பெரியவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் இருந்தால் ‘ஊருக்குப் போவமா, வேணாமா’ என்ற கதைதான். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எனக்குச் சொறிய வேண்டும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சொறிய வேண்டும். உம்மா என் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு வேப்பங்குழையால் தடவிக்கொண்டிருந்தார். சொறிந்தால் முகமெல்லாம் பள்ளம் விழும், பார்க்கிறவர்கள் பலாப்பழம் என்று நினைப்பார்கள் என்று பெரியம்மா பயமுறுத்தினார். எனக்குப் பலாப்பழம் பிடிக்கும் என்றபடியால் அது எடுபடவில்லை.

வழி கண்டுபிடித்தவர் சாச்சி. உம்மாவின் கடைசித் தங்கை. கல்பிட்டியில் குறிஞ்சிப்பிட்டிக்குப் போகும் வழியில், தென்னந்தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து உண்டாக்கிய எங்கள் குடியிருப்பில் ஒரு முன்பள்ளி இருந்தது. சாச்சி அதில் படிப்பித்தார். எதைக் கண்டாலும் பாட்டாகச் சொல்வது அவருடைய வியாதி. காலைச் சாப்பாட்டுப் பாண் காய்ந்தால் பாட்டு, பஸ்ஸைத் தவறவிட்டால் பாட்டு. பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார் என்று ஒரு சம்பந்தம் கைவிட்டுப் போனதாக வீட்டில் ஒரு கதை உண்டு.

“சொறியாம இருந்தா உனக்கு ஒரு புத்தகம் செஞ்சு தருவன்,” என்றார் சாச்சி. “ஒரு பகல் சொறியாட்டி ஒரு பக்கம். சொறிஞ்சா இருக்கிற பக்கத்தையும் கிழிப்பன்.”

“என்ன புத்தகம்?”

“கடற்கொள்ளைக்காரிகள்.”

அந்த எண்ணம் அவருக்கு எப்படி வந்தது என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கண்டக்குழிப் பக்கம் அப்போதுதான் வெளிநாட்டுக்காரர் தங்கும் விடுதிகள் முளைத்திருந்தன. ஒரு நாள் சாச்சி சிநேகிதி வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டிருக்கிறார். அவள் பெரிய பட்டமொன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் ஒரு பலகையோடு, கடலின் மேல் ஓடிக்கொண்டிருந்தாளாம். கரையில் வலை இழுத்தவர்கள் வலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றார்களாம்.

“பொம்பிள ஒருத்தி, ஒருத்தரிட்டயும் கேக்காம, தன்ட பாட்டுக்குக் கடல்ல போறா,” என்று சாச்சி உம்மாவிடம் சொல்லிச் சொல்லி அலுக்கவில்லை.

“அதுக்கென்ன இப்ப?” என்றார் உம்மா.

அதற்கென்ன என்பதற்குப் பதில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வந்தது. கடைக்காரர்கள் வருடாவருடம் கொடுக்கும் பெரிய கலண்டர்கள் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. சாச்சி அவற்றை நாலாக மடித்து வெட்டி, என்னுடைய பெஸ்டல்களை எடுத்து, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கீறத் தொடங்கினார். முதல் பக்கத்தில் நீலக் கடல். அதன் மேல் வயிறு பெருத்த ஒரு கப்பல். கப்பலில் பாவாடையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிய பெண்கள். கீழே சாச்சியின் உருண்டை எழுத்தில் பாட்டு:

*அலைமேல் ஏறி அலைமேல் இறங்கி*
*அதோ பெண்கள் வருகிறார்;*
*தலையில் துண்டும் இடுப்பில் வாளும்*
*தாங்கிக் கொண்டே வருகிறார்!*

கப்பலின் தலைவிக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி. பெரியம்மா என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. பாய்மரத்தின் கீழே இருந்து பாயைத் தைத்துக்கொண்டிருந்தவர் உம்மா. கொம்பின் உச்சியில் ஏறி நின்று வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தவர் சாச்சியேதான். கப்பலின் மூக்கில் எல்லாருக்கும் முன்னால் ஒருத்தி. அவளுக்கு ஒரு பக்கம் தனியாகவே கிடைத்தது.

*சின்னஞ் சிறிய கொள்ளைக்காரி*
*சிரித்தால் முன்பல் இரண்டில்லை;*
*பின்னால் ஓடும் கப்பல் எல்லாம்*
*பிடிப்பாள், அவளுக்கு நிகரில்லை!*

முன்பல் இரண்டில்லை என்பதை நான் கடுமையாக ஆட்சேபித்தேன். கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார்கள். பேசாமல் ஒத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பக்கத்தைத்தான் கூடுதலாகப் பார்த்தேன்.

எனக்கும் சாச்சிக்கும் பெரிய தகராறு வந்தது வேறொரு விஷயத்தில். கொள்ளைக்காரிகள் எதைக் கொள்ளையடிப்பது? தங்கக் காசு என்றேன் நான். பெட்டி பெட்டியாக. சாச்சி பெஸ்டலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினார்:

*பொன்னும் வேண்டாம் மணியும் வேண்டாம்*
*பூட்டுப் போட்ட பெட்டி வேண்டாம்;*
*என்ன வேண்டும் என்று கேட்டால்*
*எங்கள் கிணற்றைத் தா என்பார்!*

“கிணத்தை எப்படிக் கப்பல்ல ஏத்துற?” என்று கேட்டேன்.

“கயித்தைக் கட்டித்தான்.”

கொம்பிலிருந்து ஒரு கிணறு தொங்கியது. அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பக்கத்தில் இரண்டு முருங்கை மரங்களை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கடுத்த பக்கத்தில் ஒரு நீலக் கதவை. கடைசியில் வாசல் படிகளையும் விட்டுவைக்கவில்லை. கொள்ளைக்காரிகளுக்குக் கொஞ்சமும் விவரமில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கிணறு தொங்கும் படம் நன்றாக இருந்தது. சொறியாமல் கிடந்தேன்.

அந்தக் கிணறும் முருங்கையும் கதவும் மன்னார்க் கரையில் எங்கள் குடும்பம் விட்டுவந்த வீட்டில் இருந்தவை. தொண்ணூறில் ஆயுத இயக்கம் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, சாச்சி பெரியம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை. உம்மா பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. பெரியம்மா புதுப்பெண். வள்ளத்தில் ஏறி, கடலோடு கடலாக வந்து, கல்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். சாச்சிக்கு அந்த வீட்டைப் பற்றி ஒரு ஞாபகமும் இல்லை. பெரியம்மா கதைத்ததைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் அதைக் கீறினார்.

பெரியம்மா அதைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. உம்மாவுக்கும் சாச்சிக்கும் மூத்த ராத்தாவான அவர், கணவர் இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தார். சமைக்கும்போதும் உம்மாவுக்குத் தலை வாரும்போதும் அந்த வீட்டுக்குள் ஒரு சுற்றுப் போய்வருவார். சுற்றின் முடிவில் ஒரே வசனம்தான்.

“இப்ப அதுக்குள்ள கொள்ளக்காரங்க இரிக்காங்க.”

உம்மா சில வேளை, “அவங்களும் வீடு வாசல் இல்லாத சனமாம், ராத்தா,” என்பார். “வீடில்லாட்டி அடுத்தவன்ட வீட்டுக்குள்ள போறதா? கொள்ளக்காரங்கதான்,” என்று பெரியம்மா முடித்துவிடுவார்.

இவ்வளவு காலமும் இந்த வசனம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கலண்டர் தாளில் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். எங்கள் சொந்த வீட்டில் உண்மையான கொள்ளைக்காரர்கள் குடியிருக்கிறார்கள்! எங்கள் வகுப்பில் வேறு யாருக்கு அப்படி ஒரு வீடு இருக்கிறது?

“பெரியம்மா, அவங்கள்ள பொம்பிளைகளும் இரிக்காங்களா?” என்று கேட்டேன்.

“இல்லாம இரிப்பாங்களா?”

“வாள் இரிக்கா?”

“எல்லாம் இரிக்கும்,” என்றார் பெரியம்மா, வெங்காயத்தை ஓங்கி வெட்டியபடி.

அன்றிலிருந்து அவர்களைக் காணக் காத்திருந்தேன்.

கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிரத் தொடங்கிய நாட்களில் தலவில அன்னம்மாள் கோயில் திருவிழா வந்தது. பெரிய வீதியில் நாடெங்கிலுமிருந்தும் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பஸ்ஸின் மேல் பாய், சட்டி, பானை, விறகு எல்லாம் கட்டியிருக்கும். போர்க்காலத்தில் வர முடியாதிருந்த வடக்குச் சனங்களும் அந்த வருடங்களில் வரத் தொடங்கியிருந்தார்கள். வாப்பா வெங்காய லொறியோடு தம்புள்ளைக்குப் போயிருந்தார். பின்னேரம். நான் முன்வாசலில் ஒரு கதிரையில் இருந்தேன். சாச்சி எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, பக்கங்களை எல்லாம் அடுக்கித் தங்கூசி நூலால் தைத்துக்கொண்டிருந்தார்.

வேலிப் படலைக்கு வெளியே ஓர் ஓட்டோ வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா இறங்கினார். கழுத்தில் செபமாலை. பழைய படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டிய பாரமான எதையோ இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். பெரியம்மாவின் முழுப் பெயரையும் சொல்லி, “அவையின்ர வீடு இதுதானோ?” என்று கேட்டார்.

உம்மா வெளியே வந்து, “ஓம், வாங்க, இரிங்க,” என்றார். யாரென்று கேட்கவில்லை. வந்தவரிடம் முதலில் அதைக் கேட்பது எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

அந்த அம்மா மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையின் நுனியில் இருந்தார். என் முகத்தைப் பார்த்து, “கொப்புளிப்பானோ? பாவம். ஒண்டும் செய்யாது பிள்ளை, தழும்பும் மாறும்,” என்று கன்னத்தைத் தடவினார். பிறகு உம்மாவிடம் சொன்னார்.

“நாங்கள் மலசலகூடத்துக்குக் குழி வெட்டினனாங்கள், தங்கச்சி. மண்வெட்டியில ணங் எண்டு பட்டுது. கிண்டிப் பார்த்தா இது. விளிம்பில பேர் வெட்டிக் கிடந்தது. எங்கட ஊர்ப் பள்ளிவாசலுக்கு இப்ப உங்கட ஆக்கள் சிலர் வந்துபோகினம். அவையிட்ட விசாரிச்சன். கோயிலுக்கு வாறனான்தானே, கையோட கொண்டுபோய்க் குடுப்பம் எண்டு…”

விரிப்பை அவிழ்த்தார். வாய் அகன்ற ஒரு பித்தளைச் சட்டி. பச்சை பிடித்துக் கறுத்திருந்தது. மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கம்பியை அவிழ்த்துத் தட்டைத் தூக்கினார். உள்ளே, தொட்டால் தூளாகப் போகும் துணிக்குள், பூப்போட்ட பீங்கான்கள். ஒரு பன்னீர்ச் செம்பு. சின்னக் கைக்கான கண்ணாடி வளையல்கள், இன்னும் சிவப்பாக.

மண்ணுக்குள் இருந்து தோண்டி எடுத்த புதையல்! சாச்சியின் கொள்ளைக்காரிகளுக்குக்கூட இது கிடைக்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டுப் பெரியம்மா உள்ளே இருந்து வந்தார். தலையில் போட்ட துணியை எடுக்கவில்லை. சட்டியைக் கண்டார். குனிந்தார், தொடவில்லை. நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார்.

“நீங்க…?”

“அந்த வீட்டில இப்ப நாங்கள்தான் இருக்கிறம், அக்கா,” என்றார் அவர். சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.

வெளியே ஓட்டோக்காரர் திருப்பிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர்கள் எல்லாரும் பேச மறந்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. இப்படிப்பட்ட விருந்தாளி வந்திருக்கும்போது யாராவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமா? எனக்குத் தெரிந்த சொற்களிலேயே ஆகப் பெரிய மரியாதைச் சொல்லை எடுத்துச் சொன்னேன்.

“பெரியம்மா சொல்ற கொள்ளக்காரி நீங்கதானா?”

உம்மா என் தலையில் குட்டினார். குட்டிய கையை அப்படியே என் வாயில் வைத்து அழுத்தினார். சாச்சியின் ஊசி விரலில் ஏறியது. பெரியம்மாவின் முகம் எப்படி ஆனது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வாழ்நாளில் பெரியம்மா மற்றவர்களைத்தான் நிலத்தைப் பார்க்க வைத்திருக்கிறார். அன்று அவரே நிலத்தைப் பார்த்தார்.

அந்த அம்மா உம்மாவின் கையை மெல்ல விலக்கினார். “விடுங்கோ தங்கச்சி, பிள்ளை கேக்கட்டும்,” என்றார். எனக்கு முன்னால் குந்தினார். “ஓம் பிள்ளை. மற்ற ஆக்களின்ர வீட்டில இருந்தா அப்படித்தானே சொல்லுவினம். நாங்கள் முகாமில இருந்து வரேக்க எங்கட வீடு இருந்த இடத்தில சுவர்கூட இல்ல. இது பூட்டுமில்லாமல் கிடந்தது. மழைக்காலம். உள்ளுக்குப் போயிட்டம். அது பிழைதான்.”

அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை. கொள்ளைக்காரி என்று ஒத்துக்கொண்டார், அது போதும். உள்ளே ஓடினேன் என்றுதான் சொல்ல வந்தேன், ஓடத் தேவையிருக்கவில்லை. புத்தகம் சாச்சியின் மடியில் பாதி தைத்தபடி கிடந்தது. அதை நூலோடு பறித்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன்.

“எங்கட வீட்டிலயும் எல்லாரும் கொள்ளக்காரிதான்,” என்றேன். “இந்தா பெரியம்மா. கண்ணாடி போட்டிருக்கிறது.”

அந்த அம்மா மறுபடி கதிரையில் இருந்துகொண்டு, தோள்பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்துப் போட்டார். ஒரு கால் உடைந்து நூலால் கட்டிய கண்ணாடி. முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசித்தார். ‘தலையில் துண்டும் இடுப்பில் வாளும்’ என்ற இடத்தில் படத்தைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டு, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, அச்சொட்டா இருக்கு,” என்றார். உம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா சிரிக்கவில்லை. ஆனால் நிமிர்ந்தார்.

பக்கங்கள் புரண்டன. கிணறு தொங்கும் பக்கத்தில் அந்த அம்மாவின் கை நின்றது. பாட்டை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“இது அந்தக் கிணறோ?”

“ஓம்,” என்றார் சாச்சி. “நான் கண்டதில்ல. ராத்தா சொல்லித்தான்.”

“கிணறு அங்கதான் இருக்கு. தண்ணி இப்ப கொஞ்சம் உவர். ஆனா வத்தாது.”

அதற்குப் பிறகுதான் பெரியம்மா முதல் தடவையாக வாய் திறந்தார்.

“முருங்கை?”

“ஒண்டு காத்துக்கு விழுந்திட்டுது அக்கா. மற்றது காய்க்குது. நல்ல சதைக்காய்.”

“கிணத்தடியில நிக்கிறதா?”

“ஓம். அதுதான்.”

“அது நான் நட்டது,” என்றார் பெரியம்மா. கதிரையொன்றை இழுத்துப் பக்கத்தில் போட்டு இருந்தார்.

பிறகு நடந்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கப்பலையும் வாளையும் விட்டுவிட்டு இரண்டு பேரும் சாச்சியின் படத்தில் பிழை பிடிக்கத் தொடங்கினார்கள். கதவு நீலம் சரி, ஆனால் இரட்டைக் கதவு. ஜன்னல் இந்தப் பக்கம் இல்லை, கடல் பார்த்த பக்கம். படி மூன்று என்றார் அந்த அம்மா. நாலு என்றார் பெரியம்மா. இருந்து எண்ணிப் பார்த்த ஆள் நான் என்றார் அந்த அம்மா. ஓடி விளையாடிய ஆள் நான் என்றார் பெரியம்மா.

“ஒண்டு மண்ணுக்குள்ள போயிருக்கும்,” என்றார் அந்த அம்மா கடைசியில். “போய்க் கிண்டிப் பாக்கிறன்.”

“பாருங்க,” என்றார் பெரியம்மா. “அதுக்குக் கீழ ஒண்டும் புதைக்கல்ல. சும்மா படிதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா எழுந்து குசினிக்குப் போனார். தேத்தண்ணி போட அவர் போவது அபூர்வம், அது உம்மாவின் வேலை. நல்ல கோப்பைகளில் ஊற்றி, கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் தொதலை வெட்டி, தட்டில் வைத்துத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அந்த அம்மா புத்தகத்தை மறுபடியும் முதலில் இருந்து புரட்டினார். நான் கதிரையின் கையில் சாய்ந்து நின்று, யார் யார் என்று ஒவ்வொருவராக விளங்கப்படுத்தினேன். எல்லாரும் இருக்கும் பெரிய படம் வந்தது. கப்பலின் பின்பக்கம் கொஞ்சம் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“தங்கச்சி,” என்று சாச்சியைக் கூப்பிட்டார். “இந்த இடத்தில இன்னொரு பொம்பிளப் பிள்ளையைக் கீறுவீங்களோ?”

“கீறலாம். ஆரை?”

“எனக்கொரு மகள் இருந்தவ,” என்றார். பிறகு உடனே, “இருக்கிறா,” என்றார்.

சாச்சி ஆசிரியை. நான் இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் கலந்து கதைத்தால் நிறுத்தித் திருத்துவார். அன்று திருத்தவில்லை. பெஸ்டல் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா மெல்லிய குரலில், உம்மாவையும் பெரியம்மாவையும் பார்த்துச் சொன்னார். சண்டை முடிகிற காலத்தில், டியூசனுக்குப் போன பிள்ளையை வழியில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்களாம், இயக்கத்துக்கு ஆள் வேண்டுமென்று. இரண்டு கிழமை கழித்து ஒரு தரம் வேலிக்கு அப்பால் வைத்துக் காட்டினார்களாம். இடுப்புக்குக் கீழே விழுந்த முடியைக் காதோடு வெட்டியிருந்ததாம். கையில் துவக்கு. “அம்மா, இது பாரமா இருக்கு எண்டு மட்டும்தான் சொன்னவ.” அதற்குப் பிறகு காணவில்லை. முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராகக் கேட்டுத் திரிகிறாராம். அன்னம்மாள் கோயிலுக்கு நேர்த்தி வைத்ததும் அதற்குத்தானாம்.

பெரியம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டேன். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருந்தது. இதுவரை எங்கள் கப்பலில் உண்மையாகவே சண்டை பழகிய ஆள் ஒருவருமில்லை. இப்போது கிடைத்திருக்கிறது.

சாச்சி கீறத் தொடங்கினார். “எப்படிக் கீறட்டும்?”

“உயரம். என்னை விட உயரம். பச்சைப் பாவாடை. தலைமயிரை நீளமாக் கீறுங்கோ, இரட்டைப் பின்னல். நல்ல நீளமா.”

சாச்சி கறுப்புப் பெஸ்டலால் பின்னலை இழுத்தார். இன்னும், இன்னும் என்றார் அந்த அம்மா. பின்னல் கப்பலின் விளிம்பைத் தாண்டிக் கடலில் தொட்டது. அப்போதுதான் போதும் என்றார்.

“துவக்கைக் கீறல்லையே,” என்றேன் நான். “அவட துவக்கு. பெரிசாக் கீறுங்க சாச்சி. அவக்குத்தான் சுடத் தெரியுமே.”

சாச்சியின் கை நின்றது.

“வேண்டாம் பிள்ளை,” என்றார் அந்த அம்மா. என்னைக் கோபிக்கவில்லை. “அவவுக்குத் துவக்கு வேண்டாம்.”

“அப்ப வாள்?”

“அதுவும் வேண்டாம். கையில ஒண்டும் வேண்டாம். சும்மா இருக்கட்டும்.”

ஒரு கப்பலில் சும்மா இருப்பதற்கு ஆள் எடுப்பதில்லை. ஆனால் வந்திருப்பவர் விருந்தாளி. நான் யோசித்து ஒரு வழி சொன்னேன்.

“அப்ப அவ எல்லாருக்கும் தேத்தண்ணி போடட்டும்.”

“ஓம்,” என்றார் அந்த அம்மா. அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நல்லாப் போடுவா. இஞ்சி தட்டிப் போட்டு.”

சாச்சி அந்தப் பெண்ணின் கைகளை மடியில் வைத்துக் கீறினார். இரண்டு உள்ளங்கைகளும் வெறுமையாக, மேலே பார்த்தபடி.

பொழுது சாய்வதற்குள் அவர் கோயிலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பெரியம்மா வீதி வரை போய் பஸ் ஏற்றிவிட்டார். வெறுங்கையோடு அனுப்பவில்லை. பூப்போட்ட பீங்கானில் ஒன்றைத் துடைத்து, மீதித் தொதலை அதில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். பிறகு வீட்டைப் பற்றிய கதைகள் பெரியவர்களுக்குள் எப்படியெப்படியோ நீண்டன. வாப்பா பத்திரங்களைத் தேடி எடுத்தார். ஆனால் அந்த அம்மாவுக்கு வேறு வீடு கிடைக்கும்வரை அவர் அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னவர் பெரியம்மாதான். கிடைக்கச் சில வருடங்கள் ஆயின. அதுவரை இரண்டு பேரும் போனில் கதைத்துக்கொண்டார்கள், பெரும்பாலும் முருங்கையைப் பற்றி. கொள்ளைக்காரங்க என்ற சொல்லைப் பெரியம்மா அதற்குப் பிறகு வாயில் எடுக்கவே இல்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

அதை விடப் பெரிய ஏமாற்றம் அந்தப் புதிய பெண்ணைப் பற்றியது. கப்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு இருந்தது. அவளுக்கு மட்டும் இல்லை. “எழுதுங்களேன் சாச்சி,” என்று நான் நச்சரித்தேன். காய்ந்த பாணுக்குப் பாட்டுக் கட்டுகிற சாச்சி, “வருகுதில்ல மகள்,” என்றார். இரண்டு வரி எழுதி வெட்டியதைக் கண்டேன். பிறகு அதையும் எழுதவில்லை. சோம்பல் என்று நினைத்தேன்.

பாட்டில்லாவிட்டால் போகட்டும், வாளாவது இருக்கட்டும் என்று ஒரு நாள் சிவப்புப் பெஸ்டலை எடுத்துக்கொண்டு இருந்தேன். அந்த வெறுங்கையில் ஒரு சின்ன வாளைக் கொடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பின்னால் வந்து நின்ற பெரியம்மா என் கையைப் பிடித்தார். நோகும்படி பிடித்தார்.

“அதுல கை வெக்காத.”

“அப்ப எதிரிக் கப்பல் வந்தா அவ என்ன செய்றது?”

பெரியம்மா பெஸ்டலை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார்.

“நாம இரிக்கிறமே,” என்றார். “நாம பாத்துக்கொள்ளுவம். அவ ஒளிஞ்சுகொள்ளட்டும்.”

அவர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் எல்லாரும் வாளோடு சண்டை போடுவதாம், எங்களிலேயே உயரமானவள், சுடத் தெரிந்தவள், பின்னலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சும்மா இருப்பதாம். இது என்ன நியாயம் என்று அன்று முழுவதும் பெரியம்மாவோடு கதைக்காமல் இருந்தேன்.